ஆணி அடிக்கக் கூடாத வாடகை வீடு: ஒட்டுக் கொக்கிகள் பெயின்டோடு பெயர்ந்து வருகின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி (தேவனாம்பட்டினம் சாலை, கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். தேவனாம்பட்டினம் செல்லும் சாலையில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது, வண்ணம் மாற்றக் கூடாது என்று பதினொரு மாத ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதை மீறும் எண்ணம் எங்களுக்கும் இல்லை. அதனால் பின்புறம் பசையுள்ள ஒட்டுக் கொக்கிகளை வாங்கி, கூடத்துச் சுவரில் சிறிய படங்களை மாட்டினோம். சமையலறை டைல்ஸில் ஒட்டியவை இன்றும் அசையாமல் இருக்க, கூடத்தில் ஒட்டியவை மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயின்டையும் உரித்துக்கொண்டு விழுந்துவிட்டன. இது பசையின் கோளாறா, சுவரின் கோளாறா?

இதோடு இன்னும் மூன்று தேவைகள் இருக்கின்றன. கண்ணாடிச் சட்டம் போட்ட, கனமான திருமணப் படம் ஒன்றை வைக்க இடம் வேண்டும். சோபாவுக்குப் பின்னால் முழங்கால் உயரம் வரை வெள்ளையாகப் பூத்திருக்கும் சுவரை மறைக்க வேண்டும். அதற்கு வால்பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டலாமா? கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே நிலை மட்டும் இருக்கிறது, கதவு இல்லை. அங்கே திரை போட வழி உண்டா?

மறுமொழி 1 (பெயின்டிங் ஒப்பந்ததாரர், வண்டிப்பாளையம்)

ஐயா, வணக்கம். டைல்ஸில் நிற்கும் கொக்கி சுவரில் நிற்கவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், ஆகவே பசையைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு கறுப்புத் துணியை லேசாக நனைத்து, சுவரின் மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் மாவு போல வெள்ளை ஏறினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர் அடித்த சுவர். அதில் பசை பிடிப்பது சுவரை அன்று, மேலே படிந்திருக்கும் தூளை. பழைய வீடுகளில் ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடுத்த பூச்சை அடித்திருப்பார்கள். அத்தகைய சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த கொக்கியை ஒட்டினாலும், அது மேல் அடுக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மேல் அடுக்கு அடியில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளாது.

வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. தரையில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறி, சுவரின் முகத்தில் காய்ந்து, தன்னோடு கொண்டுவந்த உப்பை அங்கே விட்டுவிடுகிறது. அந்த உப்பு படிகமாகும்போது பெயின்டை உள்ளிருந்து தள்ளுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அதிகமாகும். உங்கள் சுவரில் ஓதம் ஏறுகிறதா, அல்லது கடற்காற்றின் ஈரம் மட்டும்தானா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்று புகாமல் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவிடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையே நீர் முத்தினால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நீர் முத்தினால் அது அறையின் காற்றில் இருக்கும் ஈரம். இந்தச் சோதனையைப் பெயின்ட் ஏற்கெனவே உரிந்த இடத்தில் செய்யுங்கள், டேப் புதிதாக எதையும் உரிக்காமல் இருக்கும்.

பூத்த உப்பை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். அது கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த தூரிகையால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். அதன்மேல் எனாமலோ ஸ்டிக்கரோ எதுவும் வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் போனால் கொப்புளம் கட்டும், ஸ்டிக்கருக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சையும் பிடிக்கும்.

சுவரில் இன்னும் ஒட்டியிருக்கும் கொக்கிகளை வெடுக்கென்று இழுக்காமல், முடி உலர்த்தும் இயந்திரத்தால் மிதமாகச் சூடாக்கி, பசை இளகியதும் சுவரை ஒட்டியே கீழ்நோக்கி மெதுவாக இழுத்தால் சேதம் குறையும். அப்படியும் டிஸ்டம்பரில் சிறிது உரியத்தான் செய்யும். உரிந்த இடத்தில் மட்டும் புதிதாகத் தொட்டு அடிக்க முயல வேண்டாம். அதே எண்ணுள்ள வண்ணத்தை வாங்கினாலும், வெளுத்துப்போன பழைய சுவரில் அது திட்டாகத் தனியே தெரியும். உரிமையாளரிடம் காட்டிவிடுவதே நல்லது.

மறுமொழி 2 (திருப்பாதிரிப்புலியூர்)

கடற்கரைப் பக்கத்து வாடகை வீடுகளிலேயே குடும்பம் நடத்தி வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். சுவர் தாங்காது என்று தெரிந்துவிட்டால் மரத்தையும் இரும்பையும் தரையையும் தாங்கச் சொல்ல வேண்டியதுதான். முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்று கணக்கெடுங்கள். தூளி கட்டிய காலத்து இரும்புக் கொக்கி கூரையில் இருக்கும். தோரணம் கட்டிய சிற்றாணிகள் வாசல் நிலையில் இருக்கும். ஜன்னல் கம்பி எல்லா வீட்டிலும் உண்டு. இவை உங்களுக்கு முன்பே வந்தவை என்பதால் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கூரைக் கொக்கி துருப்பிடித்திருந்தால் கனமான எதையும் தொங்கவிட வேண்டாம், ஒரு மணிச்சரமோ காகித விளக்குக் கூடோ போதும்.

கதவில்லாத நிலைக்குச் சுருள்கம்பி உள்ளே வைத்த, இரு முனையிலும் ரப்பர் உள்ள திரைக்கம்பி சரியாக இருக்கும். நிலையின் இரண்டு மரங்களுக்கும் நடுவே அதை முறுக்கி நீட்டினால் தானே இறுகி நிற்கும். ரப்பரின் தடம் வார்னிஷில் விழாதிருக்க இரு பக்கமும் ஒரு துண்டு அட்டை வையுங்கள். திரை மெல்லிய பருத்தியாக இருக்கட்டும், கனத் துணியானால் கம்பி நாளடைவில் இறங்கிவிடும்.

திருமணப் படத்தை மாட்டத்தான் வேண்டுமா? பீரோவின் பக்கவாட்டில் ஒரு குட்டை மேசையைப் போட்டு, அதன்மேல் படத்தைச் சாய்த்து, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பை வைத்துப் பாருங்கள். கண் மட்டத்தில் மாட்டுவதைவிட அழகாகவே இருக்கும் என்பது என் கருத்து. வீட்டில் குழந்தை இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இரும்பு பீரோ இருந்தால் காந்தக் கொக்கிகளால் அதன் பக்கம் முழுவதையும் சிறு படங்களுக்கும் சாவிக்கும் பைக்கும் பயன்படுத்தலாம், பசையே தேவையில்லை.

சோபாவுக்குப் பின்னால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, துளையுள்ள இரும்புச் சட்டங்களால் பூட்டிய ராக் ஒன்றை நிறுத்துங்கள். நவராத்திரிக்கு அதுவே கொலுப்படி. மற்ற மாதங்களில் மேல்தட்டிலிருந்து மூங்கில் தட்டியையோ வெட்டிவேர்த் தட்டியையோ தொங்கவிட்டால் பூத்த சுவர் கண்ணில் படாது, இடையே காற்றும் ஓடும். வெட்டிவேர் நம் மாவட்டத்துக் கடற்கரை மணலிலேயே விளைவது. ஆனால் கோடையில் செய்வதுபோல அதில் தண்ணீர் தெளிக்க வேண்டாம், உங்கள் அறையில் ஈரம் ஏற்கெனவே போதும். தட்டுகளில் வைக்கப் புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகள் பொருந்தும். திருக்கனூர்க் காகிதக் கூழ்ப் பொம்மைகள் எடை குறைந்தவை, ஆனால் ஈரச் சுவருக்கு அருகில் அவை தாங்கா.

மறுமொழி 3 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

துணியைக் கஞ்சியில் நனைத்துச் சுவரில் ஒட்டும் முறையைக் காணொளிகளில் காட்டுகிறார்கள், அதை நம்பி இறங்கிவிடாதீர்கள். டிஸ்டம்பர் கஞ்சியின் ஈரத்தில் கரையும். கஞ்சி வாசனைக்குக் கரப்பானும் வரும்.

மறுமொழி 4 (வழக்கறிஞர், மஞ்சக்குப்பம்)

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வாடகைதாரர் இடத்தைத் தாம் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். இயல்பான புழக்கத்தால் வரும் தேய்மானம் இதில் சேராது. ஆகவே தரையிலிருந்து ஏறும் ஓதத்தால் பெயர்ந்த பூச்சுக்கு நீங்கள் பொறுப்பாளி அல்லர். கொக்கி உரித்த தழும்பைப் பற்றி உரிமையாளர் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாத வரையில், சுவருக்கு வெள்ளையடிப்பதை உரிமையாளரின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடிக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் இந்த வாடகைச் சட்டம் புதுச்சேரிக்குப் பொருந்தாது என்பதை முத்தியால்பேட்டை நண்பர் கவனிக்க வேண்டும். சுவரின் இன்றைய நிலையைத் தேதியோடு படம் எடுத்து, உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. துணியில் மாவு ஏறியது. பிளாஸ்டிக் தாளின் உட்பக்கம்தான் நீர் முத்தியிருந்தது. படங்களை அனுப்பியதும் உரிமையாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் கொத்தனாரை அனுப்புவதாகச் சொன்னார். நிலையில் திரைக்கம்பி உறுதியாக நிற்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: சுவர்க் கடிகாரம் மாட்டியிருந்த பழைய துளை ஒன்று மரக்கட்டையோடு இருக்கிறது. அதில் திருகாணி போடலாமா?

மறுமொழி 1 (பெயின்டிங் ஒப்பந்ததாரர், வண்டிப்பாளையம்)

கட்டையை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடாமல் இருந்தால், உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைக் கையாலேயே திருகுங்கள். சாதாரண இரும்பானால் கடற்காற்றில் துரு இறங்கிச் சுவரில் பழுப்புக் கோடு விழும். கடிகாரத்துக்கு அது போதும், கண்ணாடிப் படத்துக்குப் போதாது. கொத்தனார் வரும்போது, உப்புப் பிடித்த பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்திவிட்டு, நன்றாகக் காயவிட்ட பிறகே மறுபூச்சுப் போடச் சொல்லுங்கள். அதற்காக ராக்கைத் தள்ளி வைக்க இப்போதே இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.