கோல்ஃப் கிளப் ஃபிட்டிங், காசு வீணாகாம எப்படி பண்றது?

வணக்கம் நண்பர்களே, கோல்ஃப் மட்டைய (கிளப்) நம்ம உடம்பு அளவுக்கு ஏத்த மாதிரி சரி பண்ற ஃபிட்டிங் பத்தி ஒரு உதவி வேணும். ஒன்றரை வருஷமா நந்தனம் காஸ்மோ கோல்ஃப் மைதானத்துல ஆடிட்டு இருக்கேன், கையில இருக்கறது மாமா குடுத்த பழைய செட். என் உயரம் 6 அடி 2 இன்ச், குனிஞ்சு குனிஞ்சு அடிச்சு இடுப்பு வலி வந்துடுது, 7 அயர்ன் (இரும்புத் தலை மட்டைகள்ல ஒண்ணு) எடுத்தா பந்து வலது பக்கமே ஓடுது. கிளப்போட அடிப்பக்கம் திருப்பிப் பாத்தா டோ ஓரம், அதாவது நுனிப்பக்கம் மட்டும் தேஞ்சு பளபளன்னு இருக்கு, கம்பு சேர்ற ஹீல் பக்கம் கீறல்கூட இல்ல. லை ஆங்கிள், அதாவது தரைக்கும் கம்புக்கும் நடுவுல இருக்கற சாய்வு, எனக்கு ரொம்ப ஃபிளாட்டுன்னு (படுத்த மாதிரி இருக்குன்னு) கோச் சொல்றார், எனக்கும் அதான் தோணுது.

போன வாரம் ஒரு கடைக்கு ஃபிட்டிங் போனேன், பந்தோட வேகம், திசை எல்லாம் அளக்கற லாஞ்ச் மானிட்டர் முன்னாடி பத்து பந்து கூட அடிக்கல, அதுக்குள்ள முழு செட்டும் புதுசு, ஷாஃப்ட்டும் (கம்பும்) விலை கூடினதுன்னு கணக்கு போட ஆரம்பிச்சுட்டாங்க. லை ஆங்கிள் பத்தி பேச்சே இல்ல. மனசு கேக்கல, வந்துட்டேன்.

இப்ப என் யோசனை என்னன்னா, இது ஃபோர்ஜ்டு (இரும்பை அடிச்சு உருவாக்கின) அயர்ன், 2 டிகிரி வளைக்கறது கஷ்டமில்ல, கூட அரை இன்ச் நீளம் சேத்து புது கிரிப் போட்டா போதுமான்னு பாக்கறேன், ஆனா நீளம் கூட்டினா ஸ்விங் வெயிட் (வீசும்போது கையில தெரியற கனம்) ஏறி ஹெட் கனமா தெரியுமே, அதான் பயம். இப்படி மாத்தி ஆடறவங்க யாராவது இருக்கீங்களா? விக்கறதுக்காக இல்லாம, ஃபீஸ் மட்டும் வாங்கிட்டு நிதானமா அளவு எடுத்து பேப்பர்ல எழுதிக் குடுக்கற ஃபிட்டர் சென்னையிலயோ பெங்களூர்லயோ தெரிஞ்சா சொல்லுங்க ப்ளீஸ். ரொம்ப தூரம் அடிக்கற டிரைவர் மட்டை இப்போதைக்கு வேணாம், அயர்ன் சரியானா போதும்.