புதுப்பிப்பு: ஸ்கார்ம் பாடம் ஸ்லைடாகிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கான கணினிவழிப் பயிற்சிப் பாடம். கையில் இருப்பது ஸ்கார்ம் ஜிப் (பயிற்சித் தளத்தில் ஏற்றி ஓட்டுவதற்கான பாடப் பொதி) மட்டும், அதைத் திருத்தக்கூடிய பவர்பாயிண்டாக மாற்ற வழி உண்டா என்று. பாடம் உருவாக்கும் மென்பொருளான ஸ்டோரிலைனின் மூலக்கோப்பைப் பாடம் செய்து கொடுத்தவர்களே தொலைத்துவிட்டார்கள்.

ஒருவழியாக முடிந்தது. முதலில் முயன்ற குறுக்குவழியில் ஒவ்வொரு ஸ்லைடும் ஒரே படமாக வந்து விழுந்தது. ஓர் எழுத்தைத் தொட முடியவில்லை. அப்புறம் ஜிப்பை விரித்தேன். படங்களும் குரல் பதிவுகளும் தனித்தனிக் கோப்பாக உள்ளேயே இருந்தன! எழுத்துதான் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்குள் சிதறிக் கிடந்தது. பொறுக்கி எடுத்து ஒட்ட நான்கு ராத்திரி ஆனது. நடுவே மழைக்குக் கரண்ட் போனது தனிக்கதை.

வினாடி வினாவின் மதிப்பெண் கணக்கு ஸ்லைடுக்கு வராது. கேள்வி ஒரு ஸ்லைடு, விடை அடுத்தது. போதும்.

மேஸ்திரி அண்ணனிடம் காட்டினேன். இலை பரப்பிய தொட்டிப் படத்தில் நின்றார். “விதரிங்னு இருக்கே, வாட்டுறதுன்னு போடுங்க தம்பி.” அங்கேயே மாற்றினேன், அரை நிமிடம்கூட ஆகவில்லை.