டெட் ஸ்பேஸ் விளையாடலாமா, வேண்டாமா?

கேள்வி: டெட் ஸ்பேஸ் என்ற திகில் வீடியோ கேமின் 2023இல் வந்த மறுஆக்கத்தை வாங்கிவிட்டேன். ரத்தம் எனக்குப் பொருட்டல்ல. தற்கொலைக் காட்சிதான் தாங்காது. வீட்டில் அப்படி ஒரு சாவு நடந்திருக்கிறது.

பதில்: கதையிலேயே அது உண்டு, அண்ணா. எங்கே என்று சொல்லிச் சுவையைக் கெடுக்க மாட்டேன். அமைப்புகளில் எச்சரிக்கை காட்டுவதற்கும், மனதைக் கலங்கடிக்கும் காட்சிகளை மறைப்பதற்கும் தனித்தனித் தெரிவுகள் இருக்கின்றன. இரண்டையும் போட்டுவிடுங்கள்.

மற்றொருவர்: ஆனால் சண்டைக் காட்சிகள் மறையாது! நாயகன் ஐசக் தன் பிளாஸ்மா கட்டர் என்ற வெட்டும் கருவியால் கைகால்களை வெட்டினால்தான் அந்த உருமாறிய பிணங்கள் அடங்கும். லர்க்கர் என்று ஒன்று சுவரில் ஊர்ந்து வரும். பார்த்தால் கைக்குழந்தை, முதுகிலிருந்து மூன்று கொடுக்கு.

கேட்டவர்: குழந்தையா? கடவுளே. அதையும் மறைக்கலாமா?

மற்றொருவர்: முடியாது. சுட்டுத்தான் தள்ள வேண்டும்.

கேட்டவர்: சரி, பகலில், தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தொடங்குகிறேன். அவனுக்கு இருபத்தைந்து வயது, சின்னப் பையனுக்குக் காட்டுவதா என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.