கற்பிட்டிக் கையேடு: 'ஹைட்ரோஃபாயில்' தமிழில்?

சு.ந., கற்பிட்டி:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே, இலங்கையின் கற்பிட்டிக் களப்பில் (கடற்காயலில்), பட்டச்சறுக்கு (கைட் சர்ஃபிங்) பழக்கும் ஓரிடத்துக்காகக் கருவித் தெரிவுக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். பயிற்றுநராகச் சேரும் பொடியன்கள் பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆங்கிலக் கையேட்டில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கச்சான் தொடங்கிவிட்டது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

சிக்கல் 'ஃபொயில்'. பலகைக்கு அடியில் மாட்டி, பலகையையே தண்ணீருக்கு மேலே தூக்கும் ஹைட்ரோஃபாயிலும் ஃபொயில். ஊதாமல், துணி அறைகளில் காற்று புகுந்து விரியும் பட்டமும் 'ஃபொயில் கைட்'. "ஃபொயில் பழகத் தொடங்குகிறவர் ஃபொயில் கைட் எடுக்க வேண்டாம், தண்ணீரில் விழுந்தால் திரும்ப எழுப்புவது கடினம்" என்று ஒரு வரி வருகிறது. எப்படி எழுதினாலும் குழப்பம். பலகையையும் விங்கையும் இணைக்கும் மாஸ்ட், முன்னும் பின்னும் உள்ள விங், பட்டத்தின் இழுவையைக் குறைக்கும் டிபவர், அவசரத்தில் பட்டத்தை விடுவிக்கும் குயிக் ரிலீஸ் இவற்றுக்கும் சொல் வேண்டும். பட்டத்தை இடுப்புக் கொக்கியில் மாட்டும் சிக்கன் லூப்பைக் 'கோழி வளையம்' என்று எழுதிவிட்டு நானே அழித்துவிட்டேன்.

வெ.இரா., கோவை:

தம்பி, ஃபாயிலின் வேர் இலத்தீனில் இலை என்று பொருள்படும் சொல். நாமும் இலையிலிருந்துதான் ஏடு, மடல், இதழ் எல்லாம் பெற்றோம். ஏர்ஃபாயிலைக் காற்றிதழ் என்று எழுதுகிறார்கள். ஆகவே இது நீரிதழ். மாஸ்டுக்குக் கூம்பு இருக்கிறதே! "கூம்பொடு மீப்பாய் களையாது" என்று புறநானூறு 30 சொல்லவில்லையா? விளையாட்டுக்கே 'வளியாடல்' என்று பெயர் வைக்கலாம். "வளிதொழில் ஆண்ட உரவோன்" பரம்பரை நாம். தயவுசெய்து 'ஃபொயில்' என்று எழுதாதீர்கள். ஆய்தம் மொழிக்கு முதலில் வராது.

ஆ.ஜெ., தூத்துக்குடி:

ஐயா, ஆய்தத்தை எடுத்தால் 'பாயில்' ஆகிவிடும். பாயில் ஏறி நின்றான், பாயில் விழுந்தான். படுக்கிற பாயா, கடற்பாயா?

நீரிதழ் என்றால் தண்ணீரைப் பற்றி வரும் மாத இதழ் என்றுதான் நினைப்பேன். கூம்பு கணக்குப் புத்தகத்துக்குப் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. தவிர, பாய்மரம் மேலே நிற்கும், பாய் தாங்கும். இது தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குகிறது. 'தண்டு' போதும்.

அப்புறம், கச்சான் என்றால் என்ன?

சு.ந.:

மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. வறுத்துத் தின்னும் கடலையும் கச்சான்தான். இதற்குத் தனி இழை தொடங்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பா.கா., மதுரை:

இயற்பியல் வாத்தியார் என்ற முறையில் ஒன்று. இலை, தகடு என்ற சொற்கள் தட்டையான பொருளை நினைவூட்டும். இது தூக்குவதற்கென்றே வளைத்துச் செய்தது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதனால்தான் 1000 சதுர செ.மீ., அதாவது இரண்டு ஏ4 தாளுக்கும் குறைந்த பரப்பு, ஓர் ஆளைச் சுமக்கிறது. வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்கு. சொல்லில் சிறகு தெரிய வேண்டும். நீர்ச்சிறகு என் முன்மொழிவு.

பட்டத்தைப் பொறுத்தவரை பிரிப்பது எளிது. 1984இல் பிரான்சின் லெகைன்யூ சகோதரர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்த, காற்றூதி விறைப்பாக்கும் வகை ஊதுபட்டம். மற்றது அறைப்பட்டம். 2024 ஒலிம்பிக்கில் மார்சேயில் நடந்த போட்டியில் அடியில் ஃபாயில், மேலேயும் ஃபாயில் கைட். குழப்பம் தமிழில் தொடங்கியதல்ல.

ஆ.ஜெ.:

அறைப்பட்டம் என்றதும் யாரோ கன்னத்தில் வாங்கியது போல இருக்கிறது. சரி, பழகிவிடும்.

த.சி., யாழ்ப்பாணம்:

சிறகு என்று எழுதுவோம், பேசும்போது எங்களுக்குச் செட்டைதான். கோழிக்கும் செட்டை, மீனுக்கும் செட்டை. காற்றில் ஒன்று, நீரில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே சொல்! முன்செட்டை, பின்செட்டை, மொத்தத்துக்கு நீர்ச்செட்டை. கற்பிட்டிப் பொடியனுக்கு விளக்கவே வேண்டாம்.

வெ.இரா.:

செட்டை கொச்சை. சிறகு சகரம் இழந்து இறகு ஆனது. சிறை என்றாலும் சிறகே. இவ்வளவு இருக்கும்போது மீன்கடைச் சொல் எதற்கு? பறவைக்கோலா மீன் நினைவுக்கு வருகிறது. 'கோலாப்பலகை' என்றாலாவது அழகு உண்டு.

ஆ.ஜெ.:

கடையில் கோலா கேட்டால் புட்டியை நீட்டுவான் ஐயா. மீன்கடைச் சொல் என்று ஒதுக்கினால் கடல் விளையாட்டுக்கு வேறு எந்தக் கடையில் போய்ச் சொல் வாங்குவது?

பா.கா.:

கோலா நீரை உதைத்து எழும்பிக் காற்றில் மிதக்கிறது. இங்கே சிறகு நீருக்குள்ளேயே இருக்கிறது. உவமை தலைகீழ்.

சு.ந.:

செட்டையை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"தொடங்குகிறவருக்கு 60 செ.மீ. தண்டு நல்லது. இடுப்பளவு களப்பில் 90 செ.மீ. தண்டு தரையில் குத்தும். முன்செட்டை 1500 சதுர செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். பெரிய செட்டை மெதுவாகப் போகும்போதே தூக்கும். பழைய பலகையில் மாட்டுவதானால் அடியில் 90 மி.மீ. இடைவெளியில் இரண்டு தண்டவாளம் உண்டா என்று பாருங்கள். இல்லாத பலகையில் துளை போட்டு மாட்டினால், தண்டு நெம்பும் நெம்பில் அடித்தட்டு பிய்ந்து வரும். அலுமினியத் தண்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் முடுக்குமுன் மரையில் கிரீஸ் பூசுங்கள். கழற்றி நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பில் வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். பிறகு எந்தச் சாவிக்கும் அசையாது."

ஆ.ஜெ.:

புரிகிறது. தண்டவாளம் வேண்டாம், ரயில் வந்துவிடும். தச்சர் சொல்லும் 'காடி' பொருந்தும்.

வெ.இரா.:

குயிக் ரிலீஸுக்கு 'விரைவிடுவிப்பி'.

ஆ.ஜெ.:

பட்டம் இழுத்துக்கொண்டு போகிறவனைப் பார்த்து அதைக் கத்தி முடிப்பதற்குள் அவன் கல்லில் மோதியிருப்பான். பிடியை முன்னே தள்ளினால் விடுபடுகிறது அல்லவா, 'தள்ளு' என்று வைத்துவிடுங்கள்.

சு.ந.:

அதுதான் ஆபத்து. இழுவை கூடினால் முதலில் பட்டத்தைக் கையாளும் கோலைத் தள்ளச் சொல்வோம். பட்டம் இளகும், ஆனால் ஆளோடுதான் இருக்கும். குயிக் ரிலீஸ் கடைசி வழி, பட்டத்தின் வலு முழுக்கப் போய்விடும். இரண்டுக்கும் 'தள்ளு' என்றால் எதைத் தள்ளுவான்? டிபவருக்கு 'இளக்கு', ரிலீஸுக்குக் 'கழட்டு'. 'கழற்று' என்று திருத்த வேண்டாம், கத்த வராது.

பா.கா.:

ஏற்கிறேன். சிறகை விட்டுக்கொடுத்துச் செட்டைக்கும் கை தூக்குகிறேன், களைத்துப்போய்.

வெ.இரா.:

பெரும்பான்மை நடக்கட்டும். ஆனால் ஒரு கேள்வி. ஃபாயில் என்பது தண்டு, இரு செட்டை, அவற்றை இணைக்கும் நடுக்கட்டை எல்லாம் சேர்ந்த முழுக்கருவி. பாகத்தின் பெயரையே முழுமைக்கும் வைப்பது என்ன நியாயம்?

த.சி.:

சினையாகுபெயர், ஐயா. வெற்றிலை நட்டான் என்றால் கொடியைத்தானே நட்டான்?

வெ.இரா.:

வெற்றிலை இலை. நானும் இலை என்றுதானே தொடங்கினேன்? இதழுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை கிடைக்கவில்லை?

சு.ந.:

நன்றி. நீர்ச்செட்டை, தண்டு, முன்செட்டை, பின்செட்டை, காடி, ஊதுபட்டம், அறைப்பட்டம், இளக்கு, கழட்டு போகிறது. கருவிகள் வரும் பெட்டிகளில் அச்சிட்டிருப்பது ஆங்கிலப் பெயர்தான், அதனால் 'ஃபொயில்' கடைசிப் பக்கப் பட்டியலில் ஆய்தத்தோடு இருக்கும். சிக்கன் லூப் இப்போதைக்கு 'கொளுவி'. மறுப்பிருந்தால் நாளை மதியத்துக்குள் எழுதுங்கள்.

வெ.இரா.:

மறுப்பு உண்டு. விரிவாக இரவு எழுதுகிறேன்.