டார்க்லிங், க்ரோவல், சைடில்: எங்கே பார்த்தீர்கள்?

‘லிங்’ என்ற பழைய விகுதியிலிருந்து வந்த இந்த ஆங்கிலச் சொற்களை எங்கே பார்த்தீர்கள் என்ற கேள்விக்குச் சிலர் சொன்ன பதில்கள் இவை.

பி.ஏ. இங்கிலீஷில் கீட்ஸின் நைட்டிங்கேல் கவிதை (1819) பாடமாக இருந்தது. ‘டார்க்லிங் ஐ லிசன்’ என்று அதில் ஓரிடம் வரும். கடையில் விற்ற நோட்ஸில் அதை ‘டார்லிங்’ என்று அச்சடித்து, கவிஞர் பறவையைக் கொஞ்சுகிறார் என்று விளக்கம் வேறு! பாதி வகுப்பு அதை அப்படியே பரீட்சையில் எழுதிவிட்டு வந்தது. டார்க்லிங் என்பது வினையடை, ‘இருட்டில்’ என்று பொருள். டக்லிங்கில் (வாத்துக்குஞ்சு) சின்னதைக் குறிக்கும் லிங் வேறு, இந்த லிங் வேறு. திசையையும் கிடக்கும் நிலையையும் சொல்ல ஒட்டிய பழைய விகுதி, இன்று புதுச் சொல் எதிலும் ஒட்டாது. மில்டனும் பாரடைஸ் லாஸ்டில் (1667) இரவில் பாடும் பறவைக்கு இதே சொல்லைத்தான் போட்டார். அங்கே இருட்டில் இருப்பது பறவை, கீட்ஸின் கவிதையில் பாட்டைக் கேட்கிற ஆள். எனக்கு அந்த மாற்றம் ரொம்பப் பிடிக்கும்.

* * *

நான் கிரிக்கெட் வழியாக இந்தச் சொற்களுக்கு வந்தவன் சார். 1976இல் மேற்கிந்திய அணி இங்கிலாந்து போனபோது, இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க் டிவி பேட்டியில் அவர்களை ‘க்ரோவல்’ பண்ண வைப்பேன், அதாவது காலில் விழுந்து தவழ வைப்பேன் என்றார். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளைக்காரர் வாயிலிருந்து வந்தால் எரியாதா? மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் ஹோல்டிங் ஓவல் மைதானத்தில் மட்டும் 14 விக்கெட் எடுத்தார், தொடரை மேற்கிந்திய அணி 3-0 என்று வென்றது, கடைசியில் கிரெய்க்கே ரசிகர்கள் முன்னால் முட்டி போட்டுத் தவழ்ந்து காட்டினார். அந்தப் பேட்டியைப் பற்றிப் படித்தபோதுதான் அகராதியைப் புரட்டினேன். முதலில் க்ரோவல் என்று வினைச்சொல்லே கிடையாதாம். ‘க்ரோவலிங்’ என்ற வினையடைதான் இருந்தது, நம்ம ‘குப்புற’ மாதிரி. வாலில் உள்ள லிங்கை யாரும் கண்டுகொள்ளாமல், ரன்னிங், ஈட்டிங் போல இங் என்று நினைத்து வெட்டியதில் 16ஆம் நூற்றாண்டு முடிவில் புது வினைச்சொல் கிடைத்துவிட்டது.

* * *

பக்கவாட்டில் நகர்வதைச் சொல்லும் சைடில் என்பதும் அதே கேஸ். ‘சைட்லிங்’, அதாவது பக்கவாட்டில் என்ற வினையடையை வெட்டி எடுத்தது. மகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன், நண்டு ஒன்று ‘சைடில்ஸ்’ என்று வந்தது. “சைடுல போகுதாப்பா?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன், வேறென்ன சொல்ல!

* * *

ஹெட்லாங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னே ஹெட்லிங், தலைகுப்புற. லிங் புரியாமல் போனதும் தெரிந்த சொல்லான லாங்கைப் போட்டுவிட்டார்கள், நீளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.