பிளே சொல்வது யார்? மைதானத்தில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் (பந்தைக் கையில் பிடித்து ஓடும், எறியும் ஆட்டம்) ஆட்டத்தன்று கோச்சுகள் என்னதான் செய்கிறார்கள், நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் 2023 நவம்பர் 11 அன்று பென் ஸ்டேட் பல்கலையின் பீவர் ஸ்டேடியத்தில் இருந்தேன். மிச்சிகன் பல்கலை அணி வந்து ஆடிய நாள். லட்சம் பேருக்கு மேல் கூட்டம், பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

அதற்கு முந்தின நாள்தான் பிக் டென் கான்ஃபரன்ஸ் (இரண்டு அணிகளும் ஆடும் லீக்) மிச்சிகனின் ஹெட் கோச் ஜிம் ஹார்பாவுக்கு மூன்று ஆட்டங்கள் தடை போட்டிருந்தது. எதிரணிகள் மைதான ஓரத்திலிருந்து (சைட்லைன்) தங்கள் வீரர்களுக்குக் காட்டும் சைகைகளை ஆள் அனுப்பிப் படம் பிடித்தார்கள் என்ற விவகாரம். அவர் இடத்தில் நின்றவர் ஷெரோன் மூர். இவர் ஏற்கெனவே அந்த அணியின் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது பந்து தங்களிடம் இருக்கும்போது எந்த பிளே (ஒரு முறை பந்தை எடுத்து ஆடும் திட்டம்) ஆடுவது என்று சொல்பவர், அது போக முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் அஃபென்சிவ் லைனுக்கும் இவர்தான் கோச். இப்போது ஹெட் கோச் வேலையும் சேர்ந்துகொண்டது. இத்தனையும் ஒரே ஆள் தலையில் விழுந்தால் எங்கேயாவது தடுமாறுவார்கள் என்றுதான் எங்கள் வரிசையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

தடுமாறவே இல்லை. முதல் பாதியில் ஒரு கட்டத்துக்குப் பிறகு மிச்சிகன் பாஸ் எறிவதையே நிறுத்திவிட்டது. கணக்குப்படி ஆட்டம் முடியும்வரை தொடர்ந்து 32 ரன் பிளே, அதாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது! அடுத்த வருஷம் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் வீரர்களை எடுக்கும் டிராஃப்ட்டில் முதல் சுற்றிலேயே போன குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறிபவர்) ஜே.ஜே. மெக்கார்த்தி அன்று முழுவதும் எறிந்தது 8 பாஸ். எங்கள் பென் ஸ்டேட் டிஃபென்ஸின், அதாவது எதிரணியிடம் பந்து இருக்கும்போது தடுப்பவர்களின், பலம் இரண்டு ஓரங்களிலிருந்தும் பாய்ந்து குவார்ட்டர்பேக்கைப் பிடிப்பதுதான், மூர் அந்தப் பலத்துக்கு வேலையே வைக்கவில்லை. கனமான ஆட்களை முன்னால் நிறுத்தி பந்தோடு ஓடும் வீரர் பிளேக் கோரம் கையில் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அடுத்ததும் ரன்தான் என்று மொத்த ஸ்டேடியத்துக்கும் தெரியும், ஆனாலும் தடுக்க முடியவில்லை. 24-15, மிச்சிகன் வெற்றி. தந்திர பிளே போட்டால் டிவியில் பத்து தடவை காட்டுவார்கள். எனக்கு அதைவிட இதுதான் பெரிய பிளே காலிங். கையில் இவ்வளவு பெரிய குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு, ஒரே முடிவில் மணிக்கணக்காக நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

மறுநாள் பென் ஸ்டேட் தன் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் மைக் யுர்சிச்சை நீக்கியது. எங்கள் அஃபென்ஸ் அன்று மோசம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிளே ஒரே ஆளின் மூளையிலிருந்து வருகிறது என்று நம்பினால்தான் இப்படி ஒருவரை மட்டும் அனுப்ப முடியும்.

* * *

மேலே எழுதியவர் கடைசியாகச் சொன்னதற்கு என்னிடம் கொஞ்சம் பதில் இருக்கிறது. மிட்வெஸ்ட்டில் ஒரு பெரிய பல்கலையில் நான் டீச்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தபோது, என் லேப் வகுப்பில் படித்த பையன் ஒருவன் சனிக்கிழமைகளில் அணியோடு சைட்லைனில் நிற்பான். சைகை காட்டும் மூவரில் ஒருவன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டுவார்கள், தோளைத் தட்டுவார்கள், தொப்பியைத் தொடுவார்கள். அதில் ஒருவர் காட்டுவது மட்டும்தான் நிஜம். அந்த ஒருவர் யார் என்பது ஆட்டத்தின் நடுவிலேயே மாறும்.

ஹெட்செட்டில் என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். ரகசியம் எதையும் சொல்லவில்லை, பொதுவாக நடப்பதைச் சொன்னான். அஃபென்ஸுக்கு ஒரு சேனல், டிஃபென்ஸுக்கு ஒரு சேனல், ஹெட் கோச் இரண்டுக்கும் மாறி மாறிப் போவார். ஒரு பிளே முடிந்த உடனே மேலே கோச்சுகளின் அறையில் (பூத்) உட்கார்ந்திருப்பவர் எந்த டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் எத்தனையாவது), எத்தனை யார்டு பாக்கி, பந்து மைதானத்தின் எந்தப் பக்கத்தில், எதிரணி யாரை மாற்றுகிறது என்று கடகடவென்று சொல்லிவிடுவார். லைன் கோச் 'இடது பக்கம் நம்ம ஆள் ஜெயிக்கிறான்' என்பார். அதற்குப் பிறகுதான் கோஆர்டினேட்டர் கையிலிருக்கும் அட்டையைப் பார்த்து பிளே பெயரைச் சொல்வார். அந்த அட்டை அந்த வாரம் முழுக்க ராத்திரி பகலாக எல்லோரும் உட்கார்ந்து தயாரித்தது. மூன்றாவது டவுனில் 3 யார்டு வேண்டுமா, 7 யார்டு வேண்டுமா, கோல் கோட்டுக்குப் பக்கமா, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். சனிக்கிழமை புதிதாக யோசிக்க நேரமே கிடையாது.

நேரக் கணக்கு உண்மையிலேயே கொடுமையானது. ஒரு பிளே முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். 2024-லிருந்து பெரிய பிரிவு அணிகளில் களத்திலுள்ள ஒரு வீரரின் ஹெல்மெட்டில் ரேடியோ வைக்க காலேஜ் விளையாட்டு அமைப்பான என்சிஏஏ அனுமதித்துவிட்டது (அந்த ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும், அடுத்த முறை கவனியுங்கள்). ஆனால் கடிகாரம் 15-க்கு வந்ததும் ரேடியோ அறுந்துவிடும். ஆக பூத் பேச்சு, முடிவு, ஆள் மாற்றம், குவார்ட்டர்பேக் காதில் சொல்வது எல்லாம் 25 விநாடிக்குள். அதற்குப் பிறகு டிஃபென்ஸ் வேறு மாதிரி நின்றால் கோச்சால் ஒன்றும் செய்ய முடியாது, குவார்ட்டர்பேக்தான் பார்த்து மாற்ற வேண்டும். என்எஃப்எல்லில் இந்த ரேடியோ 1994-லேயே வந்துவிட்டது. காலேஜில் இதற்கு முப்பது வருஷம் ஆனதும், மிச்சிகன் விவகாரம் வெடித்த அடுத்த சீசனிலேயே வந்ததும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பையன் சொன்னதில் என் மனத்தில் நன்றாகப் பதிந்த விஷயம் வேறு. மூன்றாவது டவுனுக்கு முன்னால் ஹெட் கோச் ஹெட்செட்டில் ஒரு வார்த்தை சொல்வாராம்: 'உனக்கு ரெண்டு பிளே இருக்கு'. அதாவது இதில் கிடைக்காவிட்டாலும் நான்காவது டவுனில் பந்தை உதைத்துத் தள்ளப் போவதில்லை, திரும்பவும் முயலலாம். மூன்றாவது டவுனில் 6 யார்டு வேண்டும் என்று வையுங்கள். அந்த வார்த்தை வந்தால் கோஆர்டினேட்டர் தைரியமாக ரன் சொல்லி 4 யார்டு எடுத்துக்கொள்வார், வராவிட்டால் பாஸ் எறிந்தே ஆக வேண்டும். ஸ்டாண்டில் இருக்கும் நாம் 'இந்த நேரத்தில் எவனாவது ரன் ஆடுவானா' என்று கத்துவோம். அந்த ரன்னில் பாதி ஹெட் கோச்சுடையது. கோஆர்டினேட்டரைத் திட்டுவதற்கு முன்னால் அந்த வார்த்தை எப்போது வந்தது என்று கேட்கவேண்டும், அது டிவியில் வராது.

* * *

ஹெட் கோச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2023 அக்டோபர் 7, மியாமியின் சொந்த மைதானம், எதிரே ஜார்ஜியா டெக். மியாமி 20-17 முன்னிலை, பந்தும் மியாமியிடம், ஜார்ஜியா டெக் கையில் கடிகாரத்தை நிறுத்த ஒரு டைம் அவுட்கூட இல்லை. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி மண்டி போட்டால் கடிகாரம் தானாக ஓடி ஆட்டம் முடிந்துவிடும். என்னைச் சுற்றி இருந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்திருந்தார்கள். மியாமி ரன் பிளே ஆடியது. பந்து கை நழுவியது, ஜார்ஜியா டெக் எடுத்தது, அரை நிமிஷம்கூட இல்லாத நேரத்தில் 74 யார்டு கடந்து டச்டவுன் போட்டு 23-20 என்று ஜெயித்தது. கிளம்பியவர்கள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

மண்டி போடச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஹெட் கோச் மரியோ கிறிஸ்டோபால் பிறகு ஒப்புக்கொண்டார். அது சரிதான். எந்த ரன், எந்தப் பாஸ் என்பது கோஆர்டினேட்டர் பாடு. ஆட்டத்தை இத்தோடு முடி என்று சொல்வது ஹெட் கோச் பாடு, அதை வேறு யாரும் செய்ய முடியாது.

இதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. 2021-ல் டெக்சஸ் பல்கலைக்கு வந்ததிலிருந்து ஸ்டீவ் சார்க்கீசியன் ஹெட் கோச்சாகவும் இருந்துகொண்டு பிளேயும் தானே சொல்கிறார். 'உனக்கு ரெண்டு பிளே இருக்கு' என்பதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார், சரி. ஆனால் போதும், மண்டி போடு என்று அவரைப் பிடித்து நிறுத்தும் வேலையை அந்த ஹெட்செட்டில் யார் பார்க்கிறார்கள்? டெக்சஸ் அணியின் ஊரான ஆஸ்டினில் இருப்பவர்கள் யாராவது சைட்லைனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.