உலகம் அழிந்த பின்னும் சித்தப்பா தூங்கவில்லை

சித்தப்பா: பார்த்து முடித்தாயிற்று. இயக்குநர் ராஜர் கார்மன் 1955இல் குறைந்த செலவில் எடுத்த 'டே த வேர்ல்ட் எண்டட்' படம். அணுகுண்டுப் போரில் உலகமே காலி!

அக்கா: உலகம் அழிவதைக் காட்டுகிறார்களா?

சித்தப்பா: எங்கே! தொடக்கத்தில் ஒரு குண்டு வெடிப்பு, அதோடு சரி. அப்புறம் தப்பிய ஏழு பேர், ஒரு வீடு, ஒரு குளம்.

சித்தி: பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இரண்டும் தூங்கவில்லை.

பெரியம்மா: நீங்கள் நம் குடும்பக் குழுவில் அனுப்பிய படத்தில் இருக்கும் அந்த மூன்று கண் பூதத்தைப் பார்த்துப் பயப்படுவதா, சிரிப்பதா?

சித்தப்பா: இரண்டும்தான் அண்ணி. அந்த ரப்பர் உடுப்பைச் செய்த பால் பிளைஸ்டெல், தானே அதற்குள் புகுந்து நடித்திருக்கிறார். நடக்கும்போது இடறி விழுந்துவிடுவாரோ என்று எனக்குத்தான் பதற்றம்.

தம்பி: சித்தப்பா, 'மேட் மேக்ஸ்' பாருங்கள். 1979. கையில் காசில்லாமல் இயக்குநர் ஜார்ஜ் மில்லர் தன் சொந்த வேனையே மோதி நொறுக்கியிருக்கிறார். நிஜத் தோல் சட்டைகூடப் போலீஸ்காரராக வரும் நாயகன் மெல் கிப்சன் மாதிரி ஓரிருவருக்குத்தான். மற்ற போலீஸ்காரர்களுக்கு வினைல், அதாவது தோல் மாதிரி தெரியும் பிளாஸ்டிக்.

அக்கா: அதில் உலகம் இன்னும் அழியவே இல்லையேடா. ஆட்டம் கண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி: சரி சரி, பாலைவனம், பெட்ரோல் சண்டையெல்லாம் 1981இல் வந்த இரண்டாம் பாகம். அதைப் பார்த்துவிட்டு இத்தாலிக்காரர்கள் அதே பாணியில் வரிசையாக எடுத்துத் தள்ளினார்கள். தகரம் அடித்த நாலு கார், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு குவாரி. படம் தயார்.

பெரியம்மா: அந்தக் குப்பையையும் உட்கார்ந்து பார்க்கிறீர்களா?

நான்: பெரியம்மா, உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைக்கு மட்டும் குப்பைதான் பொருத்தம். விண்கலப் படத்தில் அட்டைப்பெட்டி தெரிந்தால் மானம் போய்விடும். இங்கே தொழிற்சாலையே இல்லாத உலகம். ஒருவன் சல்லடையைத் தலைக்கவசமாக மாட்டிக்கொண்டு வந்தால், வேறு எதை மாட்டுவான் என்றுதான் தோன்றுகிறது. பெரிய படத்தில் கிழிசலைக்கூடத் தைத்துக் கிழிப்பார்கள், புதுத்துணி என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அக்கா: அதற்காகக் கதை இல்லாமல் ஒன்றரை மணி நேரம் குவாரியில் கார் ஓட்டுவதை எல்லாம் மன்னிக்க முடியாது. பாதிப் படங்கள் அப்படித்தான்.

நான்: ஒத்துக்கொள்கிறேன். அந்த இடங்களை நான் வேகமாக ஓட்டிவிட்டுத்தான் படம் பார்ப்பேன்.

சித்தப்பா: நான் ஓட்ட மாட்டேன். அந்தக் கார்களில் தகரத்தை யார் உட்கார்ந்து வெல்டிங் செய்தார்களோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

சித்தி: சல்லடையைப் பற்றி இங்கே எழுதியது யார்? சமையலறையில் அதைக் காணோம். பையன் போர்வைக்குள் எதையோ தலையில் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறான்.

சித்தப்பா: படம் எடுத்து அனுப்பு.